மெண்டல் விகிதமும் கைவர்க்கச் சோதனையும்

கிரிகோர் மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு 1866இல் அச்சானது. அவர் எண்ணிய 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. 3:1 விகிதப்படி 5,493, 1,831 என இருந்திருக்க வேண்டும். 19 விதை வேறுபாடு தற்செயலா, விதியே தவறா? இதற்கு விடை கூறும் கைவர்க்கச் சோதனை அன்று இல்லை.

1900ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. மறக்கப்பட்டிருந்த மெண்டலின் ஆய்வு மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது. அதே ஆண்டில் கார்ல் பியர்சன் கைவர்க்கச் சோதனையை வெளியிட்டார். மெண்டலியத்தை ஏற்கத் தயங்கிய பியர்சனின் கருவியே பின்னர் மெண்டலின் விகிதங்களைச் சோதிக்கப் பயன்பட்டது.

முறை எளிது. ஒவ்வொரு வகுப்பிலும் கண்ட எண்ணுக்கும் எதிர்பார்த்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்ட வேண்டும். மேற்கண்ட விதைகளுக்கு 361/5,493 + 361/1,831 = 0.263. வகுப்புகள் இரண்டு, எனவே கட்டின்மைக் கூறு 1. 5 விழுக்காடு மட்டத்தில் அட்டவணை மதிப்பு 3.841. நம் விடை அதைவிடக் குறைவு; ஆகவே 3:1 விகிதத்தை மறுக்க இடமில்லை.

தமிழகத்தில் இத்தகைய விகிதங்களைத் தேடியவர்கள் கோயம்புத்தூர் நெல் ஆய்வாளர்கள். அங்கு 1912இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பார்னெல், ரங்கசாமி அய்யங்கார், கீழக்கரையில் பிறந்த கே. ராமையா ஆகியோர் நெல்லின் மரபுப் பண்புகளைப் பற்றி 1917இல் கட்டுரை வெளியிட்டனர். வெந்தால் பசைபோல் ஒட்டும் நெல்லையும் சாதாரண நெல்லையும் கலந்த முதல் தலைமுறைச் செடியின் மகரந்தத்தில் அயோடின் இட்டால், பாதி நீலக் கருமையாகவும் பாதி செம்பழுப்பாகவும் மாறும் என்பதைப் பார்னெல் 1921இல் விளக்கினார். இது 1:1 விகிதம்.

மாணவர்கள் செய்து பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: 400 துகள்களில் 216, 184 என வந்தால் கைவர்க்க மதிப்பு 2.56, விகிதம் பொருந்துகிறது. 225, 175 என வந்தால் 6.25; பொருந்தவில்லை.

அளவுக்கு மீறிய பொருத்தமும் ஐயத்திற்குரியதே. 1936இல் ரொனால்டு ஃபிஷர் மெண்டலின் சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். கட்டின்மைக் கூறுகள் 84. கைவர்க்க மதிப்போ 41.6 மட்டுமே. இவ்வளவு நெருக்கம் தற்செயலாக அமைய லட்சத்தில் ஏழு வாய்ப்பே உண்டு. விடையை முன்பே அறிந்த உதவியாளர் எவரேனும் எண்ணிக்கையைத் திருத்தியிருக்கலாம் என ஃபிஷர் கருதினார். அறிஞர்கள் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் வாதிட்டனர். ஆயினும் மெண்டலின் விதிகள் பிறர் செய்த சோதனைகளாலும் உறுதிப்பட்டு நிற்கின்றன.

எனவே ஆய்வகக் குறிப்பேட்டில் கண்ட எண்ணைக் கண்டபடியே எழுதுக. விகிதத்திற்கு ஏற்ப எண்ணைத் திருத்தினால், சோதனைக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.