பாரிஸின் மணியும் பயணியின் உடம்பும்

நியூயார்க்கிலிருந்து பாரிஸ் போகும் விமானங்களில் பெரும்பாலானவை மாலையில் கிளம்பி, மறுநாள் காலையில் சார்ல் த கோல் விமான நிலையத்தில் இறங்குகின்றன. ஊரில் மணி ஏழு. வந்திறங்கியவரின் உடம்பிலோ இன்னும் நள்ளிரவு ஒரு மணி. ஜெட் லாக் என்று எல்லோரும் சொல்லும் தடுமாற்றம் இதுதான். இதில் உடம்பின் மணி எந்த அரசாணைக்கும் கட்டுப்படாதது. ஊரின் மணியோ அரசர், புரட்சிக்காரர், ரயில்வே, ஆக்கிரமிப்புப் படை என்று பல கைகள் திருகித் திருகி வைத்தது. பாரிஸில் இவை இரண்டுக்குமே பழைய வரலாறு உண்டு.

அந்நகரின் முதல் பொதுக் கடிகாரம் சேன் நதித் தீவில், இன்று கொன்சியெர்ஜெரி எனப்படும் பழைய அரண்மனையின் மூலைக் கோபுரத்தில் இருக்கிறது. ஐந்தாம் சார்ல் மன்னருக்காக லொரேன் பகுதியைச் சேர்ந்த ஆன்ரி த விக் என்ற கைவினைஞர் 1370ஐ ஒட்டி அதை அமைத்தார். அதுவரை மடாலயங்களின் பூசை மணிதான் ஊருக்கு நேரம். பகலைப் பன்னிரண்டாகப் பங்கிடும் அந்த முறையில் கோடைகால மணி நீளும், குளிர்கால மணி சுருங்கும். இயந்திரக் கடிகாரம் வந்தபின் எல்லா மணியும் ஒரே அளவாயிற்று. இன்று அதே கோபுரத்தில் தெரியும் நீலமும் பொன்னுமான முகப்பு, சட்டம், நீதி ஆகிய இரு பெண்ணுருவங்களோடு 1585இல் ஜெர்மேன் பிலோன் செய்தது.

இயந்திரம் வந்தாலும் அதைத் திருத்தச் சூரியன் தேவைப்பட்டது. இதற்கான நல்ல சாட்சி சேன்-சுல்பீஸ் தேவாலயத்துக்குள் இருக்கிறது. ஈஸ்டர் நாளைக் கணிக்க வசந்தகாலச் சம இரவு நாள் சரியாகத் தெரியவேண்டும் என்பதற்காக, பங்குக்குரு லாங்கே த ஜெர்ஜி முதலில் ஹென்றி சல்லி என்ற ஆங்கிலக் கடிகாரக் கலைஞரை அமர்த்தினார். சல்லி 1728இல் இறந்தார். வேலையை 1743இல் முடித்தவர் வானியலாளர் பியேர் சார்ல் ல மொன்னியே. தெற்குச் சன்னலின் உயரத்தில் ஒரு துளை. அதன் வழியே விழும் வெயில் வட்டம், தரையில் பதித்த பித்தளைக் கோட்டை நண்பகலில் கடக்கும். கோடையில் அது தெற்குச் சுவரருகே விழும். சம இரவு நாளில் பீடத்தை ஒட்டிய முட்டைவடிவத் தகட்டைத் தொடும். குளிர்காலத்தில் சூரியன் மிகத் தாழ்ந்து விடுவதால் கோட்டுக்குத் தேவாலயத்தின் அகலம் போதவில்லை. ஆகவே வடக்கு ஓரத்தில் சுமார் 11 மீட்டர் உயரத்துக்கு ஒரு வெண்பளிங்குத் தூணை எழுப்பி, கோட்டை அதன்மேல் ஏற்றிவிட்டார்கள். தூணின் அடியிலுள்ள கல்வெட்டில் அரசரின் பெயர் இருந்த இடம் புரட்சிக் காலத்தில் செதுக்கி எடுக்கப்பட்டது. இந்தக் கோடு இடம்பெறும் டா வின்சி கோட் நாவல் புகழ்பெற்றபின் இந்தக் கோட்டில் மர்மம் தேடி வருகிறவர்கள் கூடினார்கள். கோட்டின் உண்மையான கதை நாவலைவிடச் சுவையானது என்பது வேறு விஷயம்.

கோட்டு வேலை தொடங்கிய அதே ஆண்டுகளில், லூவ்ரில் கூடிவந்த அறிவியல் அகாதெமியில் ஒரு சிறு குறிப்பு வாசிக்கப்பட்டது. ஆண்டு 1729. ஜான்-ஜாக் த மேரான் என்ற வானியலாளர் தொட்டாற்சிணுங்கி போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாதபோதும் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் கூம்பின. இதை எழுதி வெளியிட அவருக்கு மனமில்லை. நண்பர் மார்ஷான்தான் அகாதெமிக்குத் தெரிவித்தார். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளும் வெளியே பார்க்காமலே இரவையும் பகலையும் உணர்வதோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்றும் குறிப்பு சொல்கிறது. உயிர்களுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கான முதல் சோதனையாக இதைத்தான் இன்று எல்லோரும் காட்டுகிறார்கள். அகாதெமி அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரின் கவனமெல்லாம் நண்பகல்மேல் இருந்தது. 1786இல் ரூஸோ என்ற கடிகாரக்காரர் பலே-ருவாயால் தோட்டத்தில் ஒரு சிறு பீரங்கி வைத்தார். வெயில் உச்சிக்கு வந்ததும் ஒரு லென்ஸ் திரியைப் பற்றவைக்கும். வெடிச் சத்தம் கேட்டுப் பாரிஸ்வாசிகள் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். மேகம் மூடிய நாளில் பாரிஸில் நண்பகல் ‘வெடிக்காது’. சூரியனின் நண்பகல் ஆண்டில் பதினாறு நிமிடம் வரை முன்பின்னாகும் என்பதால், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொதுக் கடிகாரங்களைச் சராசரி நேரத்துக்கு மாற்றினார்கள். தொழிலாளிகள் கலகம் செய்வார்களோ என்று அன்றைய ஆட்சித்தலைவர் ஷப்ரோல் பயந்ததாக வானியலாளர் அராகோ எழுதியிருக்கிறார். கலகம் எதுவும் நடக்கவில்லை.

அதற்கு முன்பே புரட்சி அரசு நேரத்தையே பத்தால் வகுத்துப் பார்த்திருந்தது. 1793இல் நாளுக்குப் பத்து மணி, மணிக்கு நூறு நிமிடம் என்று சட்டம் வந்தது. ஒரு புதிய மணி பழைய கணக்கில் 2 மணி 24 நிமிடம். யாரும் பழகவில்லை, 1795 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது.

உண்மையான மாற்றம் ரயிலோடு வந்தது. ஒவ்வோர் ஊரும் தன் சூரியனைப் பார்த்து வைத்த நேரம் அட்டவணைக்கு ஒத்துவரவில்லை. 1891இல் பாரிஸ் நேரமே நாடு முழுவதற்கும் சட்டபூர்வ நேரமாயிற்று. ரயில் நிலையங்களில் மட்டும் ஒரு விசித்திரம்: வெளிச்சுவரில் பாரிஸ் நேரம், உள்ளே நடைமேடையில் ஐந்து நிமிடம் பிந்திய நேரம். தாமதமாக ஓடிவரும் பயணிக்கு ரயில்வே காட்டிய சலுகை அது. உலக அளவில் கதை வேறு: 1884 வாஷிங்டன் மாநாட்டில் கிரீனிச்சை உலகின் முதல் தீர்க்கரேகையாக ஏற்கும் வாக்கெடுப்பில் பிரான்ஸ் கலந்துகொள்ளாமல் விலகி நின்றது. 1911 மார்ச்சில்தான் இறங்கிவந்தது. அப்போதும் சட்டத்தில் கிரீனிச் என்ற பெயர் இல்லை. ‘பாரிஸ் சராசரி நேரத்தில் 9 நிமிடம் 21 விநாடி குறைத்தது’ பிரான்ஸின் நேரம் என்று சுற்றிவளைத்து எழுதினார்கள். அந்த அளவு நேரத்துக்குப் பாரிஸின் கடிகாரங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. நிலையத்துக்குள்ளிருந்த ஐந்து நிமிடச் சலுகையும் அன்றோடு போயிற்று.

அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு அன்று ஊர் மணியோடு ஒத்துப்போவதில் சிரமமில்லை. கப்பலில் தினமும் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளுவார்கள். லாவ்ர் துறைமுகத்தில் இறங்கி ரயிலேறிச் சேன்-லசார் நிலையம் சேரும்போது உடம்பும் ஊரோடு ஏறக்குறைய ஒத்துப்போயிருக்கும். 1935இல் நார்மண்டி கப்பல் அட்லாண்டிக்கை நான்கு நாளில் கடந்தபோதும் இதே கதைதான். முதல் விதிவிலக்கு அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பர்க். 1927 மே 21 இரவு 10.22க்கு, 33 மணி நேரத்துக்குமேல் நியூயார்க்கிலிருந்து தனியாகப் பறந்து பாரிஸின் லெ பூர்ஜே விமான நிலையத்தில் இறங்கினார். கிளம்புவதற்கு முந்தைய இரவும் தூங்காதவர். அமெரிக்கத் தூதர் ஹெரிக் வீட்டில் இரவல் பைஜாமாவில் விடிகாலையில் படுத்து, நண்பகல் தாண்டித்தான் எழுந்தார். பாரிஸில் அவருடைய முதல் நாளில் பாதி தூக்கத்தில் போயிற்று.

1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்ததும் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளி பெர்லின் நேரத்துக்கு வைத்தது. போர் முடிந்தபின் பழைய நேரத்துக்குத் திரும்பும் திட்டம் இருந்தது; நிறைவேறவில்லை. 1976 முதல் கோடையில் இன்னொரு மணியும் சேர்கிறது. இதனால் ஜூன் மாதத்தில் பாரிஸில் சூரியன் உச்சிக்கு வருவது கிட்டத்தட்டப் பிற்பகல் இரண்டு மணிக்கு. மறைவது இரவு பத்துக்குச் சற்று முன்பு. டிசம்பரில் காலை எட்டரை தாண்டித்தான் விடிகிறது.

1958 அக்டோபர் 26 அன்று பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 நியூயார்க்கிலிருந்து கிளம்பி, வழியில் கனடாவின் கான்டரில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, ஒன்பது மணி நேரத்துக்குள் பாரிஸ் சேர்ந்தது. நான்கு நாளில் பரவிக்கிடந்த மாற்றம் ஒரே இரவுக்குள் வந்துவிட்டது. ‘ஜெட் லாக்’ என்ற பெயர் 1966இல் அமெரிக்கப் பத்திரிகையில் தலைகாட்டியது. இடையில் 1962இல் மிஷேல் சீஃபர் என்ற பிரெஞ்சு இளைஞர் கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் இரண்டு மாதம் கிடந்தார். செப்டம்பர் நடுவில் வெளியே வந்தபோது அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20. 120 விநாடி எண்ணச் சொன்னால் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். ஆனால் அவருடைய உறக்கமும் விழிப்பும் ஏறத்தாழ 24 மணிச் சுழற்சியிலேயே நடந்திருந்தன. மேரானின் செடி சொன்னதையே மனித உடம்பும் சொன்னது.

அந்த உள்கடிகாரம் கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்கிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். எந்த வெளிச்சம் என்பதில்தான் சூட்சுமம். நியூயார்க்கிலிருந்து வந்தவர் காலை எட்டு மணி வெயிலில் சேன் கரையில் நடந்தால் உடம்புக்கு அது நடுநிசி வெளிச்சம்; கடிகாரத்தை முன்னே தள்ளுவதற்குப் பதில் பின்னே இழுத்துவிடும். அவருக்குக் காலையில் தேவாலயத்தின் உள்நிழலும் பதினொரு மணிக்குமேல் வெயிலும் நல்லது. சென்னையிலிருந்து போகிறவருக்குக் கணக்கு தலைகீழ். பாரிஸ் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்தங்கியிருப்பதால், விடிகாலை நாலு மணிக்கே விழிப்புத் தட்டும், சாயங்காலம் ஏழுக்கெல்லாம் கண் சொக்கும். அவருக்கு வேண்டியது மாலை வெளிச்சம்; ஜூனில் அதற்குப் பஞ்சமில்லை. டிசம்பரில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடுவதால், அவருடைய உடம்பு திருந்தப் பின்னும் சில நாள் பிடிக்கும்.