'நம்பர் த ஸ்டார்ஸ்' திரைப்படமாகுமா?

இரண்டாம் உலகப் போரைச் சிறுவர்களுக்குச் சொன்ன நாவல்களில் அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லௌரியின் 'நம்பர் த ஸ்டார்ஸ்' இன்று செவ்வியல் படைப்பாகவே கருதப்படுகிறது. 1989-இல் வெளிவந்து, 1990-ஆம் ஆண்டின் நியூபெரி பதக்கத்தைப் பெற்ற நாவல் இது. வட அமெரிக்காவில் வாழும் தமிழர் வீடுகள் பலவற்றில் இந்நூல் ஏற்கெனவே நுழைந்திருக்கும். பெற்றோர் படித்திராவிட்டாலும் பிள்ளைகள் நான்காம், ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் படித்திருப்பார்கள். நாடகமாக மேடையேறியும் இருக்கிறது. ஆனால் வெளிவந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் வெள்ளித்திரைக்கு மட்டும் வரவில்லை. இந்நாவல் திரைப்படமாகுமா என்ற கேள்வி அதன் வாசகர்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆனால் எப்படிப்பட்ட படமாகும் என்ற கேள்வி அதைவிட முக்கியமானது என்று தோன்றுகிறது.

கதை 1943-ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் நடக்கிறது. பத்து வயது ஆன்மரீ யோஹான்சனும் எல்லன் ரோசனும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் வசிக்கும் தோழிகள். எல்லன் யூதச் சிறுமி. ஜெர்மானியர் யூதர்களைப் பிடித்துச் செல்லப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் எல்லன் யோஹான்சன் வீட்டில் தங்குகிறாள். இறந்துபோன மூத்த மகள் லீஸாக அவளை நடிக்கச் சொல்கிறார்கள். நள்ளிரவில் சிப்பாய்கள் கதவைத் தட்டும்போது எல்லனின் கழுத்தில் தாவீதின் நட்சத்திரம் பதித்த சங்கிலி இருக்கிறது. ஆன்மரீ அதைப் பிடுங்கித் தன் கைக்குள் இறுக்கிக்கொள்கிறாள். சிப்பாய்கள் போனபின் விரல்களை விரித்தால், உள்ளங்கையில் நட்சத்திரத்தின் அச்சு பதிந்திருக்கிறது.

பின்னர் கதை வடகடலோர மீனவ ஊரான கில்லலாயவுக்கு நகர்கிறது. அங்கே ஆன்மரீயின் மாமா ஹென்ரிக் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார். இறந்துபோன பெரிய அத்தை ஒருவரின் சவப்பெட்டி என்று ஒன்று வீட்டுக்குள் வருகிறது. அப்படி ஓர் அத்தையே இருந்ததில்லை என்பது ஆன்மரீக்குத் தெரியும். பெட்டிக்குள் இருப்பவை தப்பிச் செல்வோருக்கான போர்வைகளும் உடைகளும். சிப்பாய்கள் திறக்கச் சொல்லும்போது, இறந்தவருக்கு டைபஸ் காய்ச்சல் என்று அம்மா சொல்லிச் சமாளிக்கிறார். மறுநாள் விடியலில், தவறிப்போன ஒரு சிறு பொட்டலத்தைக் கூடைக்குள் உணவுக்கு அடியில் மறைத்துக்கொண்டு காட்டுவழியே மாமாவின் படகை நோக்கி ஆன்மரீ ஓடுகிறாள். உள்ளே என்ன என்று அவளுக்குத் தெரியாது. வழியில் சிப்பாய்கள் நாய்களுடன் மறிக்கிறார்கள். பொட்டலத்தைப் பிரித்தால் வெறும் கைக்குட்டை. அதில் தடவப்பட்டிருந்தது முயலின் உலர்ந்த இரத்தமும் கொக்கேய்னும் கலந்த பொடி. மோப்பம் பிடிக்கும் நாயை இரத்தவாடை ஈர்க்கும். கொக்கேய்ன் அதன் மோப்பசக்தியை மரத்துப்போகச் செய்யும். இத்தகைய கைக்குட்டைகள் உண்மையிலேயே பயன்பட்டன என்று லௌரி பின்னுரையில் குறிப்பிடுகிறார்.

நாவலின் வரலாற்றுப் பின்னணியையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஜெர்மனி டென்மார்க்கை ஆக்கிரமித்தது 1940 ஏப்ரல் 9-இல். 1943 ஆகஸ்ட் 29-இல் டேனிஷ் அரசு செயலிழந்தது; ஜெர்மானியர் கையில் சிக்கக்கூடாதென்று டேனிஷ் கடற்படை தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது. நாவலில் அந்த வெடியோசையை, கடைக்குட்டி கிர்ஸ்டியின் பிறந்தநாள் வாணவேடிக்கை என்று அம்மா சொல்லிவிடுகிறார். செப்டம்பர் இறுதியில், ஜெர்மானியத் தூதரகத்தில் கப்பல் போக்குவரத்துப் பொறுப்பிலிருந்த கியோர்க் டுக்விட்ஸ், யூதர்கள் கைதுசெய்யப்பட இருப்பதை டேனிஷ் அரசியல்வாதிகளிடம் கசியவிட்டார். மறுநாள் காலை, யூத ஆலயத்தில் கூடியிருந்தோரை மதகுரு மார்கஸ் மெல்கியோர் எச்சரித்து அனுப்பினார். அக்டோபர் முதல் இரவு தேடுதல் தொடங்கியபோது பெரும்பாலான வீடுகள் காலியாக இருந்தன. அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 7,200 யூதர்களும், யூதரல்லாத அவர்களது உறவினர் சுமார் 700 பேரும் கடல் கடந்து சுவீடன் சேர்ந்தனர். பிடிபட்ட சுமார் 470 பேர் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். கில்லலாய ஊரின் தேவாலயப் பரணில் ஒளிந்திருந்த சுமார் எண்பது பேர் ஓரிரவில் பிடிபட்டதும் அந்த வரலாற்றின் பகுதியே.

லௌரி இவ்வரலாற்றைக் கவனமாகவே கையாண்டிருக்கிறார். டேனிஷ் மன்னர் பத்தாம் கிறிஸ்டியான் தாமும் மஞ்சள் நட்சத்திரம் அணிந்துகொண்டார் என்றொரு கதை உலகெங்கும் பரவியிருக்கிறது. அப்படி நடக்கவில்லை; டென்மார்க்கில் யூதர்கள் நட்சத்திரம் அணியுமாறு கட்டாயப்படுத்தப்படவே இல்லை. லௌரி அந்தக் கட்டுக்கதையைத் தொடாமல், மன்னர் காவலரின்றித் தனியே குதிரையில் நகரத் தெருக்களில் சென்றுவந்த உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டார். தலைமறைவு இயக்க இளைஞன் பீட்டரின் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர், 1945 ஏப்ரலில் தம் இருபத்தொன்றாம் வயதில் ஜெர்மானியரால் சுட்டுக்கொல்லப்பட்ட கிம் மால்தே-புரூன்.

இனி திரைப்பட முயற்சிக்கு வருவோம். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களில் சாம் பாத்திரத்தில் நடித்த ஷான் ஆஸ்டின் நீண்டகாலமாக இந்நாவலைப் படமாக்க முயன்று வந்தவர். 2017-இல்கூடத் தாமும் தம் மனைவியும் அத்திட்டத்தைக் கைவிடவில்லை என்று தெரிவித்திருந்தார். ஹாலிவுட்டில் இத்தகைய காத்திருப்பு புதிதல்ல. ஒரு நாவலைப் படமாக்கும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தொகை கொடுத்து ஒதுக்கி வைத்துக்கொள்வதே அங்குள்ள வழக்கம். அக்காலத்துக்குள் திரைக்கதையும் முதலீடும் இயக்குநரும் கூடிவரவேண்டும். இல்லையேல் உரிமையைப் புதுப்பிக்கவேண்டும், அல்லது அது எழுத்தாளரிடமே திரும்பிவிடும். உரிமை வாங்கப்பட்ட நாவல்களில் படமாக வெளிவருபவை சொற்பமே.

லௌரிக்கே இதில் முன்னனுபவம் உண்டு. அவருக்கு 1994-இல் இரண்டாவது நியூபெரி பதக்கம் பெற்றுத்தந்த 'த கிவர்' நாவலைப் படமாக்க நடிகர் ஜெஃப் பிரிட்ஜஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்றார். தம் தந்தை லாயிட் பிரிட்ஜஸை முதியவர் பாத்திரத்தில் நடிக்கவைக்கவேண்டும் என்பதே அவருடைய முதல் எண்ணம். தந்தை 1998-இல் காலமானார். 2014-இல் ஃபிலிப் நொய்ஸ் இயக்கத்தில் படம் வெளிவந்தபோது அந்த முதியவராக நடித்தவர் மகன்தான். நாவலில் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்த யோனாஸ் படத்தில் பதினாறு வயது இளைஞனாகியிருந்தான். காதலும் துரத்தலும் சேர்ந்திருந்தன. படம் பார்க்கும்படியாகவே இருந்தது. ஆனால் ஒரு குழந்தை உலகத்தை முதன்முதலாகக் கேள்வி கேட்கும் நாவல், இளைஞர்கள் அரசை எதிர்க்கும் இன்னொரு படமாக மாறிப்போனது.

'நம்பர் த ஸ்டார்ஸ்' படமானால் இதே ஆபத்து இன்னும் கூர்மையாக வரும். காரணம் நாவலின் அமைப்பிலேயே இருக்கிறது. கதை முழுவதும் ஆன்மரீக்குத் தெரிந்த அளவே நமக்கும் தெரியும். அவள் கேட்காத உரையாடல் எதுவும் நூலில் இல்லை. எல்லாம் தெரியாமலிருப்பது தைரியமாக இருக்க உதவும் என்பதை மாமா அவளுக்கு விளக்குகிறார். பெரியவர்கள் அவளிடம் பொய் சொல்வது அவளைக் காப்பாற்றத்தான் என்பதை அவள் மெல்ல மெல்ல உணர்கிறாள். காட்டுவழியே ஓடும்போது தன் பயத்தை அடக்க, தங்கைக்குச் சொல்லும் சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதையைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். சிப்பாய்கள் மறிக்கும்போது ஐந்து வயதுத் தங்கையைப்போல அசடாகப் பேசித் தப்பிக்கிறாள். அந்தக் காட்சியின் வலிமை முழுவதும் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று அவளுக்கும் நமக்கும் தெரியாததில் இருக்கிறது.

திரைப்பட இயக்குநர் இங்கே ஒரு முடிவெடுத்தாக வேண்டும். படகில் காத்திருக்கும் அகதிகளையும் நெருங்கிவரும் ரோந்துப் படையையும் மாறிமாறிக் காட்டினால் பரபரப்பு கூடும். ஆன்மரீயின் அறியாமைக்கு அர்த்தமில்லாமல் போகும். மூத்த அக்கா லீஸ் எப்படி இறந்தாள் என்பதை நாவல் கடைசி அத்தியாயம்வரை மறைத்து வைத்திருக்கிறது. விபத்து என்று நம்பியிருந்த ஆன்மரீக்கு, அவளும் தலைமறைவு இயக்கத்தில் இருந்தவள், ஜெர்மானியரின் ராணுவ வாகனம் மோதிக் கொல்லப்பட்டவள் என்பது போர் முடிந்த பிறகே தெரிகிறது. இதைப் படத்தின் முதற்காட்சியாக வைக்கும் ஆசை எந்தத் திரைக்கதையாசிரியருக்கும் எழக்கூடும். அப்படிச் செய்தால், மகளைப் பறிகொடுத்த பின்னும் பிறர் மகளுக்காகக் கதவைத் திறந்துவிட்ட ஒரு தாய் தந்தையை நாம் காலம் கடந்து புரிந்துகொள்ளும் அந்தக் கணம் இல்லாமற்போகும்.

எதிர்வாதமும் உண்டு. குழந்தையின் பார்வையை மட்டும் நம்பும் படம் வரலாற்றைத் திரித்துவிடாதா? ஜான் பாய்னின் 2006-ஆம் ஆண்டு நாவலையும் அதன் 2008-ஆம் ஆண்டுத் திரைவடிவத்தையும் ('த பாய் இன் த ஸ்ட்ரைப்ட் பைஜாமாஸ்') இங்கே நினைவுகூரலாம். வதைமுகாமின் யதார்த்தத்துக்குப் பொருந்தாத ஒன்றை ஒரு சிறுவனின் வெகுளித்தனம் நம்பவைத்துவிட்டது என்ற குறை அதன்மீது உண்டு. நாஜிப் படுகொலையைக் கற்க விரும்புவோர் அந்நாவலைத் தவிர்ப்பது நல்லது என்று ஆஷ்விட்ஸ் நினைவகமே 2020-இல் கூறியது. லௌரியின் நாவலிலும் சில விடுபடல்கள் உண்டு. மீனவர் பலர் கடலைக் கடக்கக் கணிசமான தொகை வாங்கியது அதில் இல்லை; காட்டிக்கொடுத்த டேனியர்களும் இல்லை. எல்லனும் அவள் பெற்றோரும் காப்பாற்றப்படுபவர்களாகவே வருகிறார்கள், கதை காப்பாற்றுபவர்களுடையது. ஒரு நல்ல திரைக்கதை, எல்லனுக்கு நாவல் கொடுத்ததைவிட அதிகம் பேச்சுக் கொடுக்கலாம். கட்டடம் முழுக்க ஒலித்த நடிகையாகும் கனவை அவள் கொண்டிருந்தாள் என்பதும், வேறொருத்தியாக நடித்தே அவள் உயிர்பிழைக்கிறாள் என்பதும் நாவலிலேயே இருக்கும் விதைகள்தான்.

டென்மார்க் மீட்பைப் பற்றிய படங்கள் இல்லாமல் இல்லை. டிஸ்னி 1998-இல் தயாரித்த தொலைக்காட்சிப் படம் 'மிராக்கிள் அட் மிட்நைட்' ஒரு மருத்துவர் குடும்பத்தின் கதை. 2016-இல் வந்த டேனிஷ் படம் 'ஃபுக்லெனெ ஓவர் சுன்டெட்' தப்பியோடும் ஒரு யூதக் குடும்பத்தைப் பின்தொடர்ந்தது. எனவே நிகழ்ச்சியைச் சொல்ல இனி ஒரு படம் தேவையில்லை. ஒரு பத்து வயதுப் பெண் அதை எப்படி அனுபவித்தாள் என்பதே இன்னும் திரையில் வராதது.

காத்திருப்பது வீண்போகாது என்பதற்கும் சான்றுண்டு. ஜூடித் கெர் 1971-இல் எழுதிய 'வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்' நாவல் 1978-இல் ஜெர்மனியில் தொலைக்காட்சிப் படமாயிற்று. திரையரங்குக்கு வந்தது 2019 டிசம்பரில், கரோலின் லிங்க் இயக்கத்தில். அவ்வாண்டு மே மாதம் கெர் காலமாகியிருந்தார். சிறுமியின் வயதைக் கூட்டாமல், துப்பாக்கிச் சண்டைகளைச் சேர்க்காமல், நாடுவிட்டு நாடு போகும் குடும்பத்தின் அன்றாடத்தையே அப்படம் நம்பியது.

'நம்பர் த ஸ்டார்ஸ்' நாவலும் ஒருநாள் படமாகலாம். அது லௌரியின் நாவலா, அதன் பெயரைத் தாங்கிய வேறொரு படமா என்பதை இரண்டு காட்சிகளைக் கொண்டே சொல்லிவிடலாம். ஆன்மரீக்கு அப்போதும் பத்து வயதுதானா என்பது ஒன்று. சிப்பாய் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும் வரை அதற்குள் இருப்பது பார்வையாளருக்கும் தெரியாமல் இருக்கிறதா என்பது மற்றொன்று.