டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தும் பறவைக்குப் பக்கத்தில் போக வேண்டுமா? கொள்ளேகால் காவிரிக் கரையில் நீர்ப்பறவைகளைப் படமெடுப்பது எப்படி?

பெங்களூரில் வேலை. கையில் புதிதாக வாங்கிய, அல்லது வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்த 150-600 லென்ஸ். சனிக்கிழமை அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, கனகபுரா, மளவள்ளி வழியாக விடிகிற நேரத்துக்குக் கொள்ளேகால் பக்கம் காவிரிக் கரைக்கு வந்துவிட்டீர்கள். ஆற்றின் நடுவே ஒரு பாறை. அதன் மேல் மஞ்சள் அலகும் கருப்புத் தொப்பியும் பிளந்த வாலுமாக நாலைந்து ஆற்று ஆலாக்கள். லென்ஸில் பார்த்தால் பறவை சின்னதாகத் தெரிகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்?

பெரும்பாலானவர்கள் செய்வது, பேண்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குவது. அதுதான் தவறு. பறவைக்கு மட்டுமல்ல, உங்கள் படத்துக்கும்.

ஏன் கொள்ளேகால்?

1956-ல் மாநில மறுசீரமைப்பு நடக்கும்வரை கொள்ளேகால் சென்னை மாநிலத்தில், கோவை மாவட்டத்தின் ஒரு தாலுகா. அதன் பிறகு மைசூரு மாவட்டத்துக்குப் போய், 1997-ல் அந்த மாவட்டம் பிரிக்கப்பட்டபோது சாமராஜநகரில் சேர்ந்தது. பட்டுக்குப் பேர்போன இந்த ஊரைப் பலரும் சிவனசமுத்திரம் அருவிக்குப் போகிற வழியில் டீ குடிக்க நிறுத்தும் இடமாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பறவை பார்ப்பவர்களுக்கு இது நல்ல நடுப்புள்ளி. காவிரி பக்கத்தில் ஓடுகிறது, சுவர்ணாவதி ஆறு இந்தப் பக்கம்தான் வந்து அதில் கலக்கிறது. சுற்றிலும் ஏரிகள், கால்வாய்ப் பாசன நெல் வயல்கள்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் பட்டியல் நீளும். மத்தூர் பக்கத்தில் கொக்கரே பெள்ளூர் என்ற கிராமத்தில் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் வீடுகளுக்கு நடுவே உள்ள மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. நஞ்சன்கூடு பக்கம் ஹதினாரு ஏரிக்குக் குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே ரங்கனதிட்டு இருக்கிறது. சாலிம் அலியின் யோசனையைக் கேட்டு மைசூரு அரசு 1940-ல் சரணாலயமாக அறிவித்த இடம். 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

பக்கத்தில் போனால் படம் ஏன் கெடும்?

கணக்காகப் பார்த்துவிடலாம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் மாட்டி, 20 மீட்டர் தூரத்தில் இருக்கும் பறவையைப் பார்க்கிறீர்கள். அந்தத் தூரத்தில் உங்கள் ஃபிரேமின் அகலம் வெறும் 1.2 மீட்டர். மஞ்சள் மூக்கு நாரை இறக்கையை விரித்தால் சுமார் ஒன்றரை மீட்டர். கூழைக்கடாவுக்கு இரண்டு மீட்டருக்கும் மேல். அதாவது, நாரை பறக்கும் நொடியில் இறக்கை வெட்டுப்படும். சின்ன சென்சார் கேமரா என்றால் அதே 20 மீட்டரில் அகலம் 80 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆற்று ஆலாவே முழுசாக அடங்காது.

ஃபோகஸ் கதை இன்னும் மோசம். 600 மி.மீ., எஃப் 6.3, 20 மீட்டர் என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 40 சென்டிமீட்டர்தான். 40 மீட்டருக்குப் பின்வாங்கினால் அது ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் ஆழம் நாலு மடங்காகும். கூடவே, குறுக்கே பறக்கும் பறவையைத் துரத்த கேமராவைத் திருப்ப வேண்டிய வேகமும் பாதியாகக் குறையும். உட்கார்ந்திருக்கும் பறவையின் முகத்தை மட்டும் எடுக்க நெருக்கம் உதவும். மீன் பிடிப்பது, சண்டை போடுவது, தரையிறங்குவது எல்லாம் வேண்டும் என்றால் அந்தப் பறவைக்கு ஃபிரேமுக்குள் இடம் வேண்டும். தொலைவிலிருந்து எடுத்து, பிறகு கொஞ்சம் கிராப் செய்துகொள்ளுங்கள். இன்றைய சென்சார்கள் அதைத் தாங்கும்.

தூரத்துக்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. வெயில் ஏறியதும் தண்ணீர், பாறை, மணல் மேலே காற்று கானல்போல் நெளியும். அதற்குள் எடுத்த படம் எந்த லென்ஸிலும் தெளிவாக இருக்காது. லட்ச ரூபாய் லென்ஸை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துக்கொண்டு ஓடுபவர்களில் சிலருக்குப் பிரச்னை லென்ஸே இல்லை, பத்து மணி வெயில்தான். விடிந்து முதல் இரண்டு மணி நேரம், மாலையில் கடைசி ஒன்றரை மணி நேரம். நடுவில் இட்லி சாப்பிடலாம், தலக்காடு போய் வரலாம்.

சூரியன் முதுகில் சரி, காற்று எங்கே இருக்க வேண்டும்?

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள் என்று எல்லோரும் சொல்வார்கள். காற்றையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. விமானம் மாதிரியேதான் பறவைகளும். எழும்புவதும் இறங்குவதும் பெரும்பாலும் எதிர்காற்றில். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசினால், பறவை உங்களை நோக்கி முகத்தைக் காட்டிக்கொண்டு எழும்பும், இறங்கும். எதிர்த்திசை என்றால் நாள் முழுக்க வாலைத்தான் எடுப்பீர்கள்.

இந்தப் பகுதியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கிலிருந்து வரும். காலைச் சூரியனும் கிழக்கே. ஆக, குளிர்காலக் காலையில் ஏரியின் கிழக்குக் கரையில் நின்றால் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அப்படியே தலைகீழ். மாலையில் மேற்குக் கரை. ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்தாலே திசை தெரிந்துவிடும், ஆப் தேவையில்லை.

கேமராவில் என்ன வைப்பது?

முதலில் ஷட்டர். ஒரு ஆலா நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். 1/500 நொடியில் அது 2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/2000 நொடியில் அரை சென்டிமீட்டர். இறக்கை நுனி இதைவிட வேகம். அதனால் ஆலா, மீன்கொத்திக்கு 1/2500 அல்லது 1/3200. மெதுவாக இறக்கை அடிக்கும் நாரை, கூழைக்கடாவுக்கு 1/1250 போதும். அப்பர்ச்சரை முழுசாகத் திறந்துவிடுங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். இரைச்சலை மென்பொருள் குறைக்கும், அசைவில் மங்கிய கண்ணை எதுவும் மீட்காது.

வெளிச்சம் நிலையாக இருக்கும் காலையில் ஐஎஸ்ஓவையும் சேர்த்து முழு மேனுவலில் வைப்பது நல்லது. காரணம் இருக்கிறது. வெண்கொக்கு ஒன்று கருத்த தண்ணீர் மேல் பறந்து, பிறகு வெளிர் வானத்துக்கு எதிரே போகிறது. கொக்கின் மேல் விழும் வெளிச்சம் மாறவே இல்லை. ஆனால் ஆட்டோவில் விட்டால் கேமரா பின்னணியைப் பார்த்து ஏமாந்து, முதல் படத்தில் இறகை வெளுக்க வைத்து, அடுத்ததில் கொக்கையே கருப்பாக்கும். வெயிலில் நிற்கும் ஒரு கொக்கை எடுத்துப் பார்த்து, வெள்ளையில் இறகு வரிகள் தெரிகிற அளவுக்கு வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். மேகம் வந்தால் மட்டும் மாற்றினால் போதும்.

ஃபோகஸைத் தொடர் முறையில் வையுங்கள், பறவைக் கண்ணைத் தேடும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். புதிய மிரர்லெஸ் சிலவற்றில் பட்டனை அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் சேமிக்கும் வசதி உண்டு. மீன்கொத்தி கிளையை விட்டுப் பாயும் கணத்துக்கு அது வரப்பிரசாதம். இல்லையென்றாலும் பரவாயில்லை. 'காடு' என்றாலே தமிழ் வாசகர்களுக்கு நினைவுக்கு வரும் மா. கிருஷ்ணன், தானே பாகங்களைச் சேர்த்து உருவாக்கி 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரிட்ட ஒரு கனத்த கேமராவில்தான் கருப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார்.

பறவை அடுத்து என்ன செய்யும் என்று எப்படித் தெரியும்?

நொடிக்கு இருபது படம் எடுக்கும் கேமராவைவிட இது முக்கியம். பழகுவதற்கு நல்லது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும், தலை மட்டும் ஆடாமல் கீழே பார்க்கும். பிறகு கல் மாதிரி விழும். நிற்கும்போதே ஃபோகஸ் பிடித்துக்கொள்ள உங்களுக்குச் சில நொடிகள் கிடைக்கின்றன. ஆலாவும் இதைச் செய்யும், ஆனால் அவ்வளவு பொறுமை காட்டாது.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மீனோடு மேலே வந்தால் உடனே விழுங்காது. மீனைத் தூக்கிப்போட்டு, தலை முதலில் போகிற மாதிரித் திருப்பும். பாம்புத்தாரா மீனை அலகால் குத்தி வருவதால் அதைக் கழற்றவே ஒரு உதறு உதற வேண்டும். முழு பர்ஸ்ட்டை அதற்கு வைத்திருங்கள். நீர்க்காகமும் நாமக்கோழியும் எழும்பும்போது தண்ணீர் மேல் காலால் ஓடும். கொக்கும் நாரையும் கிளம்புவதற்கு முன் உடலைக் காற்றின் பக்கம் திருப்பி, முன்னால் சாய்ந்து, பல சமயம் எச்சமிட்டுவிட்டுத்தான் பறக்கும். எச்சம் விழுந்ததா, விரல் ஷட்டருக்குப் போகட்டும்.

நத்தைகுத்தி நாரையை நெல் வயலில் பாருங்கள். தலையைத் தண்ணீருக்குள் விட்டு நத்தையை ஓட்டிலிருந்து எடுக்கும் வேலை, கார் ஜன்னலில் அரிசி நிரப்பிய துணிப்பையை வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டு எடுப்பதற்கு ஏற்றது. கதவைத் திறக்காதீர்கள். காரைப் பொருட்படுத்தாத பறவை, காரிலிருந்து இறங்கும் மனிதனைக் கண்டதும் பறந்துவிடும்.

அந்தப் பாறைக்கு ஏன் போகக்கூடாது?

ஆற்று ஆலா கூடு கட்டுவதில்லை. ஆற்று மணல் திட்டிலோ பாறையிலோ ஒரு சின்னக் குழி, அதில் மணல் நிறத்தில் புள்ளி போட்ட முட்டைகள். காலம் பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை, அதாவது பாறை சுடும் மாதங்கள். தாய்ப்பறவை அடைகாப்பது சூடேற்ற மட்டும் அல்ல, நிழல் கொடுக்கவும்தான். நீங்கள் நெருங்கினால் அது எழும்பி உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றும். பார்க்க அற்புதமான ஆக்‌ஷன். கீழே முட்டைகள் வெயிலில் கிடக்கும், காகமும் பருந்தும் கவனித்துக்கொண்டிருக்கும். அந்த முட்டைகள் உங்கள் கண்ணுக்கே தெரியாது என்பதால் காலில் மிதிபடவும் வாய்ப்பு உண்டு. அணையிலிருந்து திடீரெனத் தண்ணீர் விட்டால் திட்டு மூழ்கிவிடும், நாய்கள் வரும், மணல் அள்ளுவார்கள். இத்தனையையும் தாண்டித்தான் குஞ்சு வர வேண்டும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்தப் பறவை இப்போது 'அழிய வாய்ப்புள்ள இனம்'. 'நம்ம ஊர்ல நிறைய பறக்குதே' என்று தோன்றலாம். பறப்பது வளர்ந்த பறவைகள், குஞ்சுகள் எத்தனை என்பதுதான் கேள்வி.

சட்டமும் இருக்கிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கியே தேவையில்லை.

அதனால், கூடு, முட்டை, குஞ்சு தெரிந்தால் எடுக்காமல் பின்வாங்குங்கள். கூட்டத்தைப் பறக்க வைக்கக் கைதட்டுவது, கல் எறிவது, ட்ரோன் விடுவது வேண்டவே வேண்டாம். உங்கள் நண்பர் செய்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். பயந்து பறக்கும் பறவை எப்போதும் உங்களுக்கு முதுகைத்தான் காட்டும், அந்தப் படத்துக்கு மதிப்பும் இல்லை. மேய்ந்துகொண்டிருந்த பறவை நிமிர்ந்து கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கிறது என்றால் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். நாலடி பின்னால் போய் உட்காருங்கள். பத்து நிமிடத்தில் அது மறுபடி மேய ஆரம்பித்தால் அதுதான் சரியான தூரம். கூடுகள் உள்ள இடத்தை இன்ஸ்டாகிராமில் லொகேஷனோடு போடாதீர்கள்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ரங்கனதிட்டில் வனத்துறைப் படகில்தான் பறவைகளிடம் போக முடியும். கட்டணமும் புகைப்படக்காரர்களுக்கான தனிப் படகு உண்டா என்பதும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டியவை. கே.ஆர்.எஸ். அணையிலிருந்து அதிக நீர் திறந்தால் படகு ஓடாது. படகில் 600 மி.மீ. லென்ஸ் பல சமயம் நீளம் அதிகம், 100-400 வசதி. அங்கே முதலைகள் உண்டு, காலைத் தண்ணீரில் விட நினைக்க வேண்டாம்.

சிவனசமுத்திரம் பக்கம் பாறைகள் வழுக்கும், நீர்மட்டம் சொல்லாமல் ஏறும். அதற்குக் கீழே காவிரி வனவிலங்கு சரணாலயப் பகுதி தொடங்கிவிடும், அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். ஏரிக்கரைகளில் மீன் பிடிப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், கொள்ளேகாலில் தமிழ் புரிந்தவர்கள் ஏராளம். எந்தப் பறவை எந்த மூலையில் இறங்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

கோவை, ஈரோடு பக்கமிருந்து வருபவர்கள் திம்பம், ஆசனூர் வழியாக வரலாம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் அந்தச் சாலையில் இரவு நேரப் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கிறது. முந்தைய நாள் மாலையே மலையேறி, கொள்ளேகாலில் தங்கிவிட்டால்தான் விடியற்காலை ஏரிக்குப் போய்ச் சேர முடியும்.