மடுல்சீமையில் நோய், இங்கிலாந்தில் பெயர்

ஊவாவின் கோப்பியை இலைத்துரு நோய் அழித்தது ஊரறிந்த கதை. அந்த நோயைப் புரிந்துகொள்ளப் பிடித்த காலம்தான் அதிகம் பேசப்படாதது. 1869இல் பதுளை மாவட்டத்தைச் சேர்ந்த மடுல்சீமையில் அது முதலில் கண்ணில் பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் நோய்பட்ட இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பங்கசு அறிஞரான பாதிரியார் பெர்க்லி அந்த நவம்பரிலேயே அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் சூட்டினார். வேகத்தில் குறையில்லை. ஆனால் வாரக்கணக்கில் கப்பலில் கிடந்த இலை பங்கசின் உருவத்தைக் காட்டலாம். அது எவ்வழியே உள்ளே புகுந்தது, எத்தனை நாளில் வெளியே வரும் என்பதைக் காட்டாது. அதற்குப் பச்சை இலையில் தொற்றை ஏற்றி, நாளுக்கு நாள் சீவி எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்குத் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் வந்து சேர 1880 ஆகிவிட்டது.

வார்ட் இலையை மெல்லிய சீவல்களாக்கி நுணுக்குக்காட்டியில் வைத்தார். வித்தி ஈரத்தில் முளைத்து இலைவாய் வழியே நுழைவதும், கலங்களின் இடைவெளியில் பூசண இழை படர்வதும் தெரிந்தன. கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் வித்திகளையும் பிடித்தார். மண் சலித்துவிட்டது, பருவம் கெட்டுவிட்டது என்ற துரைமாரின் விளக்கங்கள் இதன்பின் நிற்கவில்லை. இவற்றுக்குப் புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இழையத்துக்கு ஏற்றும் கார்மைன், ஹீமடாக்சிலின் சாயங்கள்கூட 1860களிலேயே ஐரோப்பிய ஆய்வுகூடங்களில் புழங்கின. குறைந்தது, நோயுள்ள மலையிலேயே தங்கி அறுத்துப் பார்க்கும் ஆள்.

முன்பே தெரிந்திருந்தாலும் மருந்து ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; போர்டோ கலவையின் பயன் பிரான்சில் வெளிப்பட்டதே 1885இல். ஆனால் அறிவின் பயன் மருந்தோடு முடிந்துவிடுவதில்லை. காற்றுதான் நோயைச் சுமக்கிறது என்று 1870களின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால், இடைவெளி விடாமல் மலைமலையாகக் கோப்பி நட்டதற்குச் சாக்கு இருந்திராது. விலை ஏறியிருந்த காலம், எப்படியும் நட்டிருப்பார்கள் என்றால், அதையும் மறுக்க முடியாது. அப்போது அது அறியாமை ஆகாது, துணிந்து ஆடிய சூதாட்டம். அந்தச் சூதில் தோற்றவர்களில் கூலிப் பாக்கி கைக்கு வராத தமிழ்த் தொழிலாளரும் உண்டு. வார்ட்டின் வேலை அவர்களுக்கும் பத்தாண்டு பிந்தி வந்தது.

தேயிலைக்கு அந்தக் கதி நேரவில்லை. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது, 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில், தோட்டங்களுக்கு நடுவிலேயே இயங்கிக்கொண்டிருந்தது.