ஓடுகிற உடம்பும் எழுதுகிற கையும்

உழைக்கிற உடம்பை அளக்கும் அறிவியலுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் அளந்தது யார், அளக்கப்பட்டது யார்? தலித்துகள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அமெரிக்காவில் 1927 முதல் 1947 வரை ஹார்வர்டு களைப்பு ஆய்வுக்கூடம் இயங்கியது. அங்கே ஆய்வாளர்களே டிரெட்மில்லில் ஏறி ஓடினார்கள். தங்கள் ரத்தத்தையே எடுத்துச் சோதித்தார்கள். 1932 கோடையில் ஹூவர் அணை கட்டிய பாலைவனத்துக்கே போய், கூலியாட்கள் பட்ட வெயிலைத் தாங்களும் பட்டார்கள். வேர்வையோட உப்பும் போகுது, தண்ணி மட்டும் குடிச்சாப் பத்தாது என்று காட்டினார்கள். நல்ல காரியம்தான்.

1939இல் அதே கூடத்தார் மிசிசிப்பியின் பெனாய்ட் ஊரில், வாரத்துக்கு உழுத கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் ஓடவிட்டு ஒப்பிட்டார்கள். ஓடினா யாருக்கும் மூச்சு வாங்கும். ஆனால் ஆய்வாளர் இறங்கினதும் பேனாவை எடுப்பார். வாரக்குடி இறங்கினதும் நிலக்காரன் காட்டுக்குத்தான் போகணும். எதை அளப்பது என்று முடிவு செய்த இடத்தில் அவர் இல்லை.

1947இன் நூரம்பர்க் நெறியில் ஐந்தாவது விதி: சாவோ ஊனமோ வரும் என்று கருத இடமிருந்தால் சோதனை கூடாது, மருத்துவர்களும் தங்கள் உடம்பைக் கொடுத்தால் ஒருவேளை விலக்கு. இந்த விலக்கு எனக்கு ஒப்பவில்லை. தன் உடம்பைக் கொடுத்தவனுக்கு அடுத்தவன் உடம்பின்மேல் பாத்தியதை வந்துவிடாது.

நம்ம பக்கம் வருவோம். 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் வகுத்தது. ஆளுக்கு 2700 கலோரி. குன்னூர் உணவு ஆய்வுக்கூடத்தை நடத்திய அக்ராய்டின் கணக்கு. அதன்படி குடும்பத்துக்கு 3 அலகு: ஆண் 1, பெண் 0.8, இரண்டு பிள்ளைகளுக்கும் தலா 0.6. பெருமாநல்லூரிலிருந்து பஸ் ஏறிப்போய், பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் நின்று செக்கிங் பார்த்து, வந்து சோறும் ஆக்குகிற பெண் எப்படிங்க 0.8 ஆனாள்? அந்தப் புள்ளியை வைத்த கை எந்த மிஷினில் நின்றது?

அதுக்காக, நின்னவங்க எழுதினா எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருசம் நானும் கைமடியா நின்ன ஆள்தான். என் இடுப்புவலி எனக்குக் கேள்வியைத் தரும். பக்கத்து மிஷின்காரியின் பதிலைத் தராது. அதை அவளிடம்தான் கேட்கணும்.

தோழர்களே, உடலியலும் உடற்கல்வியும் படிக்கிற நம்ம பிள்ளைகள் இரண்டு நோட்டு வைக்கட்டும். ஒன்றில் அளவு; மற்றதில் தன் உடம்பு சொன்னது. இரண்டையும் கலக்க வேண்டாம். எழுதினதை அளக்கப்பட்டவர் முன்னால் வாசிக்கட்டும். "இது தப்பு" என்று சொல்லும் உரிமையும், "போதும், இறங்கறேன்" என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கணும். இறங்கினதற்காக அவர் கூலி குறையக் கூடாது.