பிரெடரிக் டக்ளசின் விடுதலையும் அட்லாண்டிக் கடந்த கடிதங்களும்

பிரெடரிக் டக்ளஸ் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1838-இல் தப்பி வடமாநிலங்களுக்குச் சென்று, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பேச்சாளரானார். 1845-இல் வெளியான தன்வரலாற்றில் தன்னை உடைமையாக வைத்திருந்தவர்களின் பெயர்களையும் வெளிப்படையாக எழுதினார். அதனால் அவர் பிடிபடும் அபாயம் கூடியது. மனைவியையும் பிள்ளைகளையும் விட்டு, அவ்வாண்டே பாஸ்டனிலிருந்து லிவர்பூலுக்குக் கப்பலேறினார்.

விலை கேட்ட கடிதங்கள்

1840 முதல் லிவர்பூலுக்கும் பாஸ்டனுக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் தபாலைக் கொண்டு சென்றன. ஏறக்குறைய இரண்டு வாரங்களில் கடிதம் மறுகரை சேர்ந்தது. பிரிட்டனில் இருந்த டக்ளஸ் பாஸ்டனில் இருந்த தலைவர் வில்லியம் லாயிட் காரிசனுக்கு எழுதிய கடிதங்கள் 'லிபரேட்டர்' இதழில் அச்சாயின.

டக்ளஸ் நாடு திரும்பினால், சட்டப்படி அவரை மீண்டும் அடிமையாக்க முடியும். இதை உணர்ந்த நியூகாசில் நகரத்துக் குவேக்கர் பெண்களான எலன் ரிச்சர்ட்சனும் அன்னா ரிச்சர்ட்சனும் கடிதங்கள் வழியாக அவருடைய விலையை விசாரித்தனர். ஹியூ ஆல்ட் கேட்டது 150 பவுண்டு. நண்பர்களிடம் பணம் திரட்டப்பட்டது. 1846 டிசம்பரில் விடுதலைப் பத்திரம் பதிவாயிற்று.

எழுந்த விவாதம்

மனிதனுக்கு விலை கொடுப்பது, அவனை விற்கும் உரிமையை ஒப்புக்கொள்வதாகாதா? இக்கேள்வி இயக்கத்தைப் பிளந்தது. அப்போது இங்கிலாந்தில் இருந்த அமெரிக்க நண்பர் ஹென்றி ரைட், அந்தப் பத்திரத்தை ஏற்க வேண்டாம் என டக்ளசுக்கு எழுதினார்.

டிசம்பர் 22 அன்று மான்செஸ்டரிலிருந்து டக்ளஸ் பதில் எழுதினார். பணம் கொடுத்தது உடைமையாளருக்கு ஈடு செய்வதற்காக அன்று, அவருடைய பிடியிலிருந்து விடுபடுவதற்காகவே என்றார். சுதந்திரம் தனக்குப் பிறப்பிலேயே உரியது. பத்திரம் சட்டத்தின் கையைத் தடுக்க மட்டுமே பயன்படும். தன் பணிக்களம் அமெரிக்கா என்பதால் அங்கே அச்சமின்றித் திரும்ப வேண்டும் என்பது அவர் வாதம். காரிசனும் இந்த மீட்பை ஆதரித்தார்.

விளைவு

1847-இல் டக்ளஸ் சுதந்திர மனிதராக நாடு திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில், பிரிட்டிஷ் நண்பர்கள் அளித்த நிதியைக் கொண்டு ராச்செஸ்டரில் 'நார்த் ஸ்டார்' இதழைத் தொடங்கினார். ரைட்டின் கொள்கையில் தவறில்லை. ஆனால் பிடிபட்டால் அடிமையாக வேண்டியவர் ரைட் அல்லர், டக்ளஸ். கொள்கைத் தூய்மையின் விலையை யார் கொடுப்பது என்பதையே இக்கடிதங்கள் கேட்கின்றன.