ஒரு ஜோக் அடித்தவரின் கதை

இத்தாலின்னா நமக்கு ஞாபகம் வர்றது பீட்சா, போப்பாண்டவர், சாய்ஞ்ச கோபுரம். (பின்னாடி யாரோ சோனியா காந்தின்னு முணுமுணுக்கறது கேக்குது. அரசியல் வேணாம்பா... அட, இந்தப் பதிவே அரசியல்தான்!)

1986 நவம்பர் 15, சனிக்கிழமை ராத்திரி. நம்ம ஊர்ல தூர்தர்ஷனை விட்டா வேற கதி இல்லாத காலம். அங்கே அரசுத் தொலைக்காட்சியான ராய், 'ஃபன்டாஸ்டிகோ'ன்னு ஒரு நிகழ்ச்சி போட்டுக்கிட்டிருந்தது. சனிக்கிழமை ஆனா குடும்பத்தோட உக்காந்து பாக்கற வகை. அதில் வந்து நின்னவர் பெப்பே கிரில்லோ. ஜெனோவாக்காரர், கணக்கர் படிப்பு படித்தவர், சுருட்டை முடி, கத்திக் கத்திப் பேசுவார்.

அப்போ இத்தாலியின் பிரதமர் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் பெத்தினோ கிராக்ஸி. கட்சிக்காரர்கள் ஒரு பட்டாளத்தோட சீனாவுக்குப் போய் வந்திருந்தார். கிரில்லோ அதை எடுத்தார். விருந்து நடுவுல ஒரு கட்சிக்காரர் கிராக்ஸியைக் கூப்பிட்டுக் கேக்கறார்: இங்கே நூறு கோடி பேர் இருக்காங்களாமே, எல்லாருமே சோஷலிஸ்டா? ஆமாங்கறார் தலைவர். எல்லாருமே சோஷலிஸ்ட்னா, இவங்க யார்கிட்டத்தான் திருடுவாங்க?

அவ்வளவுதாங்க ஜோக். கூட்டம் சிரிச்சது, கட்சி சிரிக்கலை. ராய் கதவு அவருக்கு மெல்ல மெல்ல சாத்தப்பட்டது. மனுஷர் நாடகக் கொட்டகை, விளையாட்டு அரங்கம்னு டிக்கெட் போட்டுப் பேச ஆரம்பிச்சார்.

இனிமேதான் வேடிக்கை. 1992 பிப்ரவரி 17 அன்னிக்கு மிலான்ல ஒரு முதியோர் இல்லத்தின் தலைவர் மரியோ கியேசா, லஞ்சப் பணத்தோட கையும் களவுமா பிடிபட்டார். சோஷலிஸ்ட் கட்சிக்காரர்! 'எங்க கட்சியில ஒரே ஒரு சில்லறைத் திருடன்'ங்கற மாதிரி கிராக்ஸி சமாளிச்சுப் பார்த்தார். ஆனா நூலைப் பிடிச்சு இழுத்த நீதித்துறைக்காரங்க மொத்தச் சட்டையையும் உருவிட்டாங்க. 1993 ஏப்ரல் 30 சாயங்காலம் ரோம்ல தங்கியிருந்த ஹோட்டலை விட்டு கிராக்ஸி வெளியே வந்தப்போ, ஜனங்க அவர் மேல காசை விட்டெறிஞ்சாங்க. 'இந்தா, இதையும் எடுத்துக்கோ'ன்னு அர்த்தம். அடுத்த வருஷம் துனிசியாவுக்கு ஓடினவர் 2000-ல் அங்கேயே செத்தும் போனார். ஏழு வருஷத்துக்கு முன்னாடி டிவியில சிரிச்ச ஜோக், காசு மழையா வந்து விழுந்தது.

1993-ல் கிரில்லோவுக்கு ராயில் மறுபடி இடம் கிடைச்சது. கோடிக்கும் மேல பேர் பார்த்தாங்க. ஆனா இந்தத் தடவை அவர் கட்சிகளை விட்டுட்டு கம்பெனிகளை வம்புக்கு இழுத்தார். பழையபடி கொட்டகைக்கே திரும்பினார்னு சொல்லணுமா என்ன? படிச்ச கணக்கு வீணாப் போகலை. பால் கம்பெனி பார்மலாட்டின் கணக்கு உதைக்குதுன்னு 2002-லேயே மேடையில் சொன்னார். 2003 கடைசியில் சுமார் 1,400 கோடி யூரோ ஓட்டையோட அந்தக் கம்பெனி கவிழ்ந்தது. விசாரணை அதிகாரிகள் இவரைக் கூப்பிட்டு, உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. காமெடியனுக்குத் தெரிஞ்சது ஆடிட்டருக்குத் தெரியலை!

இன்னொரு கூத்து, அந்த நாட்கள்ல இவர் மேடையில கம்ப்யூட்டரைப் போட்டு உடைச்சுக்கிட்டிருந்தார். 2004-ல் ஜான்ரோபெர்த்தோ கசலெஜ்ஜோ என்ற கணினி ஆலோசகர் வந்து பேசினார். 2005 ஜனவரியில் உடைச்ச கையாலேயே வலைப்பதிவு! நம்ம ஜாதி ஆயிட்டார். நமக்கு நாலு பின்னூட்டம் வந்தா பெரிசு, அவருக்கு ஆயிரக்கணக்குல வந்தது. 2007 செப்டம்பர் 8-ல் போலோனா சதுக்கத்துல கூட்டம் கூட்டினார். அதோட பேர் இங்கே எழுத முடியாத ஒரு கெட்ட வார்த்தையின் முதலெழுத்து. தண்டனை பெற்றவன் நாடாளுமன்றம் போகக்கூடாது, ரெண்டு தவணைக்கு மேல கூடாதுன்னு கையெழுத்து கேட்டார். சட்டப்படி 50,000 போதும். மூணு லட்சத்துக்கு மேல விழுந்தது.

2009-ல் ஒரு பெரிய கட்சியின் உள்கட்சித் தேர்தல்ல நிக்கப் போனார். சேர்த்துக்கலை. 'வேணும்னா தனிக்கட்சி ஆரம்பிச்சு எத்தனை ஓட்டு வாங்கறார்னு பாப்போமே'ன்னு தலைவர்கள்ல ஒருத்தரான பியெரோ ஃபஸ்ஸினோ கிண்டல் பண்ணினார். அதே அக்டோபர் 4-ல் ஐந்து நட்சத்திர இயக்கம் பிறந்தது. 2013-ல் 25 சதவீதத்துக்கு மேல, 2018-ல் 32. பாவம் ஃபஸ்ஸினோ.

ஆனா கிரில்லோ நாடாளுமன்றத்துக்குப் போகலை. 1981-ல் அவர் ஓட்டின வண்டி விபத்துல மூணு பேர் செத்து, அவருக்குத் தண்டனையும் ஆகியிருந்தது. தான் போட்ட விதி தன் மேலயே. இதுவரைக்கும் மனுஷரை எனக்குப் பிடிக்கும்.

பிடிக்காம போனது எங்கேன்னா, இயக்கத்துக்காரங்க டிவி விவாதத்துக்குப் போகக்கூடாதுன்னார் பாருங்க, அங்கே. போலோனா நகரமன்ற உறுப்பினர் பெதெரிக்கா சல்சி மீறிப் போனார். திட்டு விழுந்தது. 2012 டிசம்பரில், இனி இயக்கத்தின் பேரையோ சின்னத்தையோ பயன்படுத்தாதேன்னு வலைப்பதிவுல ரெண்டு வரி. ஆள் காலி. டிவியில பேசினதுக்காகத் துரத்தப்பட்டவர், டிவியில பேசினதுக்காக இன்னொருத்தரைத் துரத்தினார். கிராக்ஸியாவது நேரா இப்படி எழுதலை.

2024 நவம்பரில் இயக்கத்துக்காரங்களே இணையத்துல ஓட்டுப் போட்டு, அவருக்கிருந்த 'உத்தரவாதி' பதவியை ஒழிச்சாங்க. மறு ஓட்டு கேட்டார். நடுவுல ஒரு வீடியோ, பிண வண்டியோட வந்து 'இயக்கம் செத்துப் போச்சு'ன்னார். டிசம்பர்ல மறு ஓட்டு நடந்தது. முன்னைவிட அதிகமா அவருக்கு எதிராவே விழுந்தது.

வீடியோ மட்டும் நல்லாத்தான் இருந்தது. சிரிச்சுட்டேன்.